மலரில் வராத கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.ஏ. வரலாறு, அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. என்று உறுதியாக நிற்கிறாள். எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மைத்துனர், “அந்தத் துறைகளால் ஊருக்கு ஒரு ரூபாய் பிரயோஜனம் உண்டா?” என்று கேட்டுவிட்டார். பல்கலைக்கழக மலர் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். இத்தனை முனைவர் பட்டம், இத்தனை கருத்தரங்கு என்றுதான் போட்டிருக்கிறார்கள். கலைத்துறைகள் உண்மையில் இந்த ஊருக்கு என்ன செய்திருக்கின்றன?

– ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

கருத்தரங்குக் கணக்கில் எனக்கும் நம்பிக்கை இல்லை. நான்கு கருத்தரங்குக்குப் போனவருக்கு அதன் காரணம் தெரியும். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர் கைக்கு அங்கிருந்து என்ன வந்து சேர்ந்தது என்று பார்ப்பதுதான் என் வழக்கம். அப்படிப் பார்த்தால் முதலில் நிற்பது தமிழ் லெக்சிகன், சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பெரிய தமிழ் அகராதி.

1913இல் அந்த வேலை தொடங்கியது. ஜே. எஸ். சாண்ட்லர் என்ற அமெரிக்க மிஷனரி முதலில் பொறுப்பில் இருந்தார். வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதியை அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக வந்தார். ஆறு தொகுதிகள் முடிய 1936 ஆகிவிட்டது, அனுபந்தம் 1939இல். ஒரு லட்சத்து நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள், அனுபந்தத்தில் மேலும் பதின்மூவாயிரம். ஒரு லட்ச ரூபாயில் முடிப்பதாகப் போட்ட திட்டம் நாலு லட்சத்தைத் தாண்டியது. இன்றைக்கு இப்படி ஒரு திட்டம் நடந்திருந்தால் மூன்றாம் வருடமே தணிக்கைக் குறிப்பு வந்து கோப்பை மூடியிருப்பார்கள்.

அதில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். தமிழில் சொல், பக்கத்திலேயே ரோமன் எழுத்தில் ஒலிப்பு. ஆங்கிலத்தில் பொருள், தமிழில் பொருள். அப்புறம் அந்தச் சொல் வந்த பாடல் வரி, அடைப்புக்குறிக்குள் நூலின் சுருக்கப் பெயரும் எண்ணும். எழுத்தில் வராமல் பேச்சில் மட்டும் இருந்த சொல் என்றால், யாழ்ப்பாணமா திருநெல்வேலியா என்று ஊர் வழக்கையும் குறித்திருப்பார்கள். எதிலும் கிடைக்காமல் வின்சுலோவிடமிருந்து எடுத்ததென்றால் அவர் பெயரின் முதலெழுத்து நிற்கும். எங்கிருந்து எடுத்தோம் என்று ஒவ்வொரு சொல்லிலும் சொல்லிவிட்டுப் போகிற அந்த நாணயம் எனக்கு மிகவும் பிடிக்கும். கணினி இல்லாத காலத்தில், சீட்டுச் சீட்டாக எழுதி அடுக்கிச் செய்தது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இன்று அது இலவசமாகவே கிடைக்கிறது. சங்கப்பாட்டு வாசிக்கும் மாணவி, பழைய கிரயப் பத்திரத்தில் நிலவகைப் பெயர் புரியாமல் விழிக்கும் குமாஸ்தா, மொழிபெயர்ப்பாளர் என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நானும் வாரத்தில் பாதி நாள் திறக்கிறேன், நன்றி சொன்னதில்லை. குறை இல்லாத வேலை என்று சொல்ல மாட்டேன். தமிழ்ச் சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணர் கடுமையாகச் சாடினார். பிறகு 1974இல் தமிழக அரசின் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரே இயக்குநரானார். மறுப்பதற்குக்கூட முன்னால் ஒரு அகராதி இருக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

இசைத்துறைக்கு வருவோம். 1932இல் தொடங்கியது, அதை வளர்த்தவர் பி. சாம்பமூர்த்தி. குருவின் வீட்டில் வருடக்கணக்கில் இருந்தால்தான் கிடைக்கும் என்றிருந்த வித்தைக்குப் பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் எல்லாம் வந்தது. பாட்டு டீச்சர் என்ற வேலையைப் பெண்கள் கௌரவமாகச் செய்து சம்பாதிக்க அந்தச் சான்றிதழ் உதவியது. இதில் எனக்கு ஒரு முணுமுணுப்பும் உண்டு. ஏற்கெனவே கர்நாடக சங்கீதம் கேட்கும் வீடுகளுக்குத்தான் அது முதலில் போய்ச் சேர்ந்தது. இதே நகரத்தின் கானாவும் பறையும் ஆய்வுக்குரிய விஷயமாகப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைய வெகுகாலம் ஆயிற்று. மைத்துனர் இந்த இடத்தில் பிடித்துக்கொண்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளின் துறையைப் பற்றி. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1929இல் அங்கே வரலாற்றுப் பேராசிரியரானார். சோழர் பற்றிய அவருடைய ஆங்கில நூலைப் பல்கலைக்கழகமே 1930களில் வெளியிட்டது. ராஜராஜனைப் பற்றி டீக்கடையில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதிச் செய்தி, கல்வெட்டிலிருந்து அவரும் அவர் காலத்து ஆய்வாளர்களும் எடுத்துக் கொடுத்தது. மீதிப் பாதி தொடர்கதையும் சினிமாவும். பின்னாளில் டி. வி. மகாலிங்கம் தலைமையில் உறையூர், திருக்காம்புலியூர், அழகரை என்று காவிரிக்கரையில் தோண்டினார்கள், 1970இல் அறிக்கை வந்தது. கீழடி பரபரப்புக்கு வெகுகாலம் முன்பே நடந்த வேலை, ஆனால் பேப்பரில் முதல் பக்கத்துக்கு வரவில்லை.

இதெல்லாம் பழைய பெருமைதானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். இருபது வருடம் ஒரே வேலையில் உட்கார ஆளும் சம்பளமும் இருந்ததால் நடந்தவை இவை. இப்போது ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன, பணநெருக்கடிச் செய்தி அடிக்கடி வருகிறது. கௌரவ விரிவுரையாளரிடம் வகுப்பு வாங்கலாம், லெக்சிகன் வாங்க முடியாது. மைத்துனரின் ஒரு ரூபாய் கேள்வியை நான் அரசாங்கத்தைப் பார்த்துத்தான் கேட்பேன்.

மகள் விஷயத்தில் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள், முதல் சில வருடம் அது கிடைக்காது என்பது அவளுக்கே தெரிந்திருக்கும். கல்லூரியில் சேர்க்கும் முன் சேப்பாக்கம் வளாகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கல்வெட்டு படிக்கச் சொல்லித் தருகிறார்களா, மாணவர்களைக் கள ஆய்வுக்கு அழைத்துப் போகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே விசாரியுங்கள். அலுவலகத்தில் கேட்டால் மலரைத்தான் கொடுப்பார்கள். சனி, ஞாயிறு வேண்டாம், வகுப்பு நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்.