கடத்தப்பட்டவர் உயிரோடு திரும்ப: வாசகர் கேள்விகள்

மகனைக் கடத்திவிட்டதாகப் போன் வந்தால், அந்த நிமிடத்தில் என்ன பேசுவது? கை கால் ஓடாதே!
(ஓசூர் வாசகி)

எதிரில் இருப்பவரைப் பேச விடுங்கள். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, வேறொரு போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். அதே போனில் ரெக்கார்டு பட்டனை அழுத்தாதீர்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அழுத்திய உடனே 'அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்ற அறிவிப்பு மறுமுனையிலும் கேட்கும். பதிவுக்கு வைத்த போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுவில் யாராவது அழைத்தால் பதிவு அறுந்துபோகும்.

பக்கத்தில் ஒருவர் நோட்டோடு உட்காரட்டும். வந்த எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சொன்ன வார்த்தை அப்படியே. பின்னால் கேட்ட சத்தமும் முக்கியம்: ரயில் ஊதல், கோயில் மைக், லாரி ஏர் ஹாரன், தண்ணீர் விழும் ஓசை. பேசுபவர் இடையில் தெலுங்கிலோ கன்னடத்திலோ யாரையாவது அதட்டினால் அதையும் எழுதுங்கள். எல்லா அழைப்பையும் ஒரே ஆள் எடுப்பது நல்லது.

பேரம் பேசும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. கேட்ட தொகைக்கு உடனே 'சரி' என்பது ஒன்று. இவர்களிடம் இன்னும் இருக்கிறது என்று அவர்கள் கணக்குப் போட்டு, அடுத்த அழைப்பில் தொகையை ஏற்றுவார்கள். 'உன்னை விட மாட்டேன்' என்று மிரட்டுவது மற்றொன்று. அந்தக் கோபம் உள்ளே இருக்கும் பிள்ளையின் மேல் இறங்கும். 'திரட்டிக்கொண்டிருக்கிறோம், அவனைச் சாப்பிட வையுங்கள், அவன் நல்லபடியாக வருவதுதான் எங்களுக்கு முக்கியம்' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நீட்டுகிற ஒவ்வொரு மணி நேரமும் காவல்துறைக்குக் கிடைக்கும் நேரம்.

உயிரோடு இருக்கிறான் என்பதை ஒவ்வொரு முறையும் உறுதி செய்யுங்கள். குரல் கேட்டது மட்டும் போதாது. குரலைப் போலி செய்யும் செயலிகள் வந்துவிட்டன. அவனுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். பாட்டி வீட்டில் இருந்த பசுவின் பெயர் போல, ஃபேஸ்புக்கில் கிடைக்காத விஷயமாக இருக்கட்டும். பதில் வரவில்லையென்றால் அது வெறும் மோசடிப் போனாகவும் இருக்கலாம். பணத்தை அனுப்புவதற்கு முன் பள்ளிக்கும் நண்பர்களுக்கும் வேறு போனிலிருந்து பேசிப் பாருங்கள்.

அவன் போன் எங்கே இருக்கிறது என்று கூகுளில் தேடுவது உங்களுக்கே தோன்றும். போலீஸ் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். தேடினால் அந்தப் போனில் அறிவிப்பு விழக்கூடும். 'ஒலி எழுப்பு' என்பதைத் தொட்டால் சைலன்ட்டில் இருந்தாலும் அலறும். அவனை காரோடு கொண்டுபோயிருந்தால் ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகளைக் காட்டுங்கள். கிருஷ்ணகிரியைத் தாண்டியதா, தொப்பூர் பக்கம் பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதா என்பது திசையைச் சொல்லிவிடும்.

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்களாமே? சம்பவம் பெங்களூரு பக்கம் நடந்தால் எங்கே போவது?
(பாலக்கோடு வாசகர்)

அப்படி ஒரு சட்டமே இல்லை. இந்த நம்பிக்கையால் வீணாகும் முதல் நாளை நினைத்தால் வயிறு எரிகிறது. 18 வயதுக்குக் கீழ் ஒருவர் காணாமல் போனால், அதைக் கடத்தல் என்றே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. அத்திப்பள்ளியில் நடந்தாலும் ஓசூரிலேயே புகார் கொடுக்கலாம். எல்லை பார்க்காமல் பதிய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. பதிய மறுத்தால் புகாரை எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். ஒருவரை அடைத்து வைத்திருப்பது தெரிந்தும் அசைவில்லை என்றால், அவரைக் கொண்டுவந்து நிறுத்த உத்தரவிடக் கேட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அவசரத்துக்கு 112, குழந்தை என்றால் 1098. வீட்டுக்கு வருபவர்களை மஃப்டியில் வரச் சொல்லிக் கேளுங்கள். வாசலில் ஜீப் நிற்க வேண்டாம்.

கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டது நம் தர்மபுரி காட்டில்தானே?
(பென்னாகரம் வாசகர்)

இல்லை. தாளவாடி பக்கம், ஈரோடு மாவட்டத்துத் தொட்டகாஜனூரில் உள்ள அவருடைய பண்ணை வீட்டில், 2000 ஜூலை 30 இரவு, சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனால். தர்மபுரியோடு வீரப்பன் பெயர் ஒட்டிக்கொள்ளக் காரணம், 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அவன் சுட்டுக் கொல்லப்பட்டது.

ராஜ்குமாருக்கு அப்போது 71 வயது. மழைக்காலக் காட்டில் 108 நாள் இருந்து, நவம்பர் 15 அன்று வெளியே வந்தார். தூது போய்ப் பேசிய வழி மூடாமல் இருந்ததை இந்த வழக்கில் கவனிக்க வேண்டும். தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் அடைபட்ட கைதிகளை விடுவிக்க உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. வீரப்பன் கேட்டதில் பெரிய கோரிக்கை அதோடு நின்றது. அதற்குப் பிறகும் பேச்சு தொடர்ந்தது, அவர் உயிரோடு வந்தார். எல்லா முறையும் அப்படி முடியவில்லை. 2002 ஆகஸ்டில் கடத்தப்பட்ட கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா, டிசம்பரில் காட்டில் பிணமாகத்தான் கிடைத்தார்.

அடைபட்டவர் உள்ளே என்ன செய்ய வேண்டும்? வாய்ப்பு கிடைத்தும் சிலர் ஓடுவதில்லையே, ஏன்?
(தர்மபுரி கல்லூரி மாணவி)

மிக ஆபத்தான நேரங்கள் இரண்டு: பிடிபடும் முதல் அரை மணி, மீட்புப் படை நுழையும் சில நிமிடங்கள். முதலாவதில் கடத்துபவர்களே பதற்றத்தில் இருப்பார்கள், கை சட்டென்று நீளும். ஆளும் ஜனமும் இருக்கும் இடத்தில் கத்திப் போராடலாம். ஆயுதத்தோடு வண்டிக்குள் ஏற்றிவிட்டால் அடங்கிப் போவதே உயிரைக் காக்கும். அதன்பின் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும், தண்ணீரை மறுக்கக் கூடாது. பாங்கு, கோயில் மணி, வெயில் விழும் கோணம் இவற்றை வைத்து நாளை எண்ணலாம். தன் வீட்டைப் பற்றி, தம்பி தங்கையைப் பற்றிப் பேசுவது நல்லது. பெயரும் குடும்பமும் தெரிந்த ஆளை அடிக்கக் கை கொஞ்சம் கூசும். அவர்கள் முகத்தை உற்றுப் பார்ப்பதும் 'உன்னை எனக்குத் தெரியும்' என்பதும் கூடவே கூடாது. போலீஸ் கதவை உடைத்தால் தரையோடு படுத்து, விரித்த கைகளைக் காட்ட வேண்டும். எழுந்து அவர்களை நோக்கி ஓடினால் யார் என்று தெரியாமல் சுட்டுவிட நேரலாம். உங்களுக்கே விலங்கு மாட்டினாலும் எதிர்க்காதீர்கள், அடையாளம் தெரிந்ததும் கழற்றிவிடுவார்கள்.

ஓடாததைப் பற்றி: ஆஸ்திரியாவில் நடாஷா கம்புஷ் 1998 மார்ச் 2 அன்று, 10 வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டார். கார் ஷெட்டுக்கு அடியில் ஒரு நிலவறை. 3,096 நாள். கதவிலும் ஜன்னலிலும் வெடி வைத்திருப்பதாகச் சொல்லிக் கடத்தியவன் மிரட்டியிருந்தான். 2006 ஆகஸ்ட் 23 அன்று அவர் காரை வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்துகொண்டிருக்கையில் அவனுக்குப் போன் வந்தது. அந்தச் சத்தத்தில் பேச முடியாமல் அவன் தள்ளிப் போக, அவர் ஓடினார். இடையில் அவர் வெளியே அழைத்துச் செல்லப்பட்டதும் உண்டு. 'அப்போதே ஏன் ஓடவில்லை' என்று பலர் கேட்டார்கள். வருடக்கணக்கில் அச்சம் ஊட்டப்பட்ட குழந்தைக்குத் திறந்த கதவும் பூட்டிய கதவுதான். மீண்டு வந்த எந்தப் பெண்ணிடமும் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

மீட்டு வந்தவருக்கு முதலில் என்ன சாப்பாடு கொடுப்பது?
(ஊத்தங்கரை வாசகி)

ஓரிரு நாள் பட்டினி என்றால் ஓஆர்எஸ் ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் கலந்து மடக்கு மடக்காகக் கொடுத்து, பிறகு கஞ்சி கொடுங்கள். ஐந்து நாளுக்கு மேல் எதுவும் சாப்பிடாதவர் என்றால் வீட்டில் ஊட்ட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாசத்தில் களியும் கோழிக்குழம்பும் வயிறு நிறையப் போடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். மாவுச்சத்து திடீரென்று ஏறினால் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் போய்விடும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். அதனால் பத்து நாளுக்கு மேல் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் போக மாட்டார்கள். 50 கிலோ ஆளுக்கு 500 கலோரிதான். முதலில் தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்து, தினமும் இரத்தம் பார்த்து, நான்கு முதல் ஏழு நாளில் ஏற்றுவார்கள். கை காலை நீண்ட நேரம் கட்டியிருந்து, சிறுநீர் டீ நிறத்தில் போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நசுங்கிய தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும்.

மருத்துவப் பரிசோதனை முடியும்வரை குளிக்க வைக்காதீர்கள். துணியைத் துவைக்காமல் காகிதக் கவரில் வையுங்கள். பாலித்தீனில் ஈரம் தேங்கித் தடயம் கெடும். கட்டிய கயிற்றை முடிச்சைத் தள்ளி வெட்டுங்கள், முடிச்சு அப்படியே இருக்கட்டும், அதுவும் சாட்சி. கைதானவர்களின் படத்தை வாட்ஸ்அப்பில் அவருக்குக் காட்டவே காட்டாதீர்கள். அடையாள அணிவகுப்புக்கு முன் படத்தைப் பார்த்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தால், அவர் சரியாகக் காட்டிய விரலுக்கு மதிப்பு குறைந்துவிடும். தூக்கமில்லாமல் திடுக்கிட்டு எழுவது முதல் வாரங்களில் சகஜம். ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.