அதிகம் பேசப்படாத பெண் பதிப்பாளர் ஒருவரைச் சொல்ல முடியுமா?

எலிசபெத் கார்பெட் யேட்ஸ். வீட்டில் லோலி என்று கூப்பிடுவார்கள். அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் தங்கை என்று ஒரே வரியில் இவரை முடித்துவிடுகிறார்கள். அந்த அண்ணனின் புத்தகங்கள் பலவற்றை முதலில் அச்சிட்டு வெளியிட்டவரே இவர்தான்.

அப்பா நல்ல ஓவியர், ஆனால் ஒரு படத்தைத் திருத்தித் திருத்தியே முடிக்காமல் விடுகிற ரகம். பணம் எங்கிருந்து வரும்? லண்டனில் இருந்தபோது லோலி பிள்ளைகளுக்குத் தூரிகை ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அதையே பயிற்சி நூல்களாகவும் எழுதினார். முதலாவது 1896இல் வந்தது.

1902இல் டப்ளினை ஒட்டிய டன்ட்ரமில், ஈவ்லின் க்ளீசன் என்பவருடன் சேர்ந்து சகோதரிகள் இருவரும் டன் எமர் கைத்தொழில் கூடத்தில் இறங்கினார்கள். அக்கா லிலிக்கு எம்பிராய்டரி, லோலிக்கு அச்சகம். அப்போது லோலிக்கு வயது 34. லண்டனில் எடுத்த கொஞ்ச காலப் பயிற்சிதான் கையிருப்பு. கையால் இழுத்து அடிக்கும் பழைய ஆல்பியன் மெஷின், காஸ்லன் என்ற பழைய பாணி ஆங்கில அச்செழுத்துகள், அயர்லாந்திலேயே கந்தல் துணியிலிருந்து செய்த காகிதம். எழுத்துக் கோர்த்ததும் மை தடவியதும் உள்ளூர்ப் பெண்கள்.

முதல் புத்தகம் 1903இல், அண்ணனின் கவிதைகள், 325 பிரதிகள். அதன் கடைசிப் பக்கக் குறிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுதியவர் இன்னார், அயர்லாந்தில் செய்த காகிதத்தில் அச்சிட்டு வெளியிட்டவர் எலிசபெத் கார்பெட் யேட்ஸ், முடித்தது 'பெருங்காற்று அடித்த' 1903ஆம் ஆண்டு ஜூலை 16 என்று இருக்கும். நம் ஊரில் புயல் வருஷம் என்று சொல்வோமே, அந்த மாதிரி. நானும் சின்ன வயதில் இரண்டு வருடம் ஈய எழுத்துக் கோர்த்தவன். ஒரு பக்கம் முடிவதற்குள் முதுகு விட்டுப்போகும். தன் பெயரைத் தானே அச்சிட்டுப் பார்க்கிற சுகம் அந்த முதுகுக்குத்தான் தெரியும்.

1908இல் க்ளீசனைவிட்டுப் பிரிந்து குவாலா அச்சகம் என்று தனியாக நடத்தினார். தாகூரின் 'தபால் நிலையம்' நாடகம் ஆங்கிலத்தில் 1914இல் அங்கேதான் வந்தது, 400 பிரதிகள். புத்தகம் மட்டும் விற்றால் கட்டுப்படியாகாது என்று வாழ்த்து அட்டைகளும் கையால் வண்ணம் தீட்டிய படங்களும் போட்டார்கள்.

எதை வெளியிடுவது என்று தீர்மானிக்கும் ஆசிரியர் பொறுப்பு அண்ணனிடம் இருந்தது. 1906இல் லோலி அவரைக் கேட்காமல் ஒரு கவிதைத் தொகுப்பை ஏற்றுக்கொண்டுவிட, பெரிய சண்டை. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிறவர்கள் இல்லை. என் கணக்கில் லோலி பக்கம்தான் நியாயம், மெஷினோடு மல்லுக்கட்டியவர் அவர். ஆனால் அச்சகம் கடனில் மாட்டியபோது பணம் கொடுத்ததும் அதே அண்ணன்தான், அதையும் சொல்லவேண்டும்.

1939 ஜனவரியில் அண்ணன் இறந்தார். அவருடைய கடைசிக் கவிதைகளை அந்த வருடமே குவாலா வெளியிட்டது. அடுத்த ஜனவரியில் லோலியும் போய்விட்டார்.