கத்தி படாத அறுவை: வலி அன்றைக்கே போய்விடுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. இரண்டு வருடமாக வலது கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி வலி. முகம் கழுவினால், பல் துலக்கினால், ஃபேன் காற்று பட்டால்கூட சுரீர் என்கிறது. பல்வலி என்று இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் நிற்கவில்லை. இப்போது எம்.ஆர்.ஐ.யில் 2 செ.மீ. கட்டி தெரிகிறது, மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி, புற்றுநோய் இல்லை என்கிறார்கள். காமா நைஃப் செய்யச் சொல்கிறார்கள். வலி உடனே போய்விடுமா? முடி கொட்டுமா?

பதில்: பாவம், அந்த இரண்டு பற்கள்! இந்த வலிக்குப் பல்லைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். முகத்தின் தொடு உணர்வையும் பல்லின் உணர்வையும் மூளைக்குக் கொண்டுபோவது ஒரே நரம்புதான், மூளையிலிருந்து கிளம்பும் ஐந்தாம் நரம்பு. உள்ளே கட்டி அதை அழுத்தினாலும் வலிப்பது என்னவோ பல்லில்தான்.

காமா நைஃப் என்பது பெயரில்தான் நைஃப், உண்மையில் கத்தியே கிடையாது, கதிர்வீச்சுதான். ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்செல் என்ற மருத்துவர் 1951-ல் யோசித்த முறை இது. காமா நைஃப் கருவி 1968-ல் வந்தது. கதிர்வீசும் கோபால்ட் துண்டுகள் ஏறக்குறைய இருநூறிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் சேர்கின்றன, தனித்தனியாக அவை வழியில் உள்ள மூளையைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை.

சரி, வலிக்கு வருவோம். உடனே போகாது. கதிர் கட்டியைக் கரைத்து எடுத்துவிடுவதில்லை, வளரவிடாமல் நிறுத்துகிறது, சில கட்டிகள் மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். வலி குறையவும் வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும், சிலருக்குக் குறையாமலே இருக்கலாம், குறைந்த வலி திரும்பவும் வரலாம். ஸ்கேனில் கட்டி அடங்கிவிட்டது, ஆனால் வலி அப்படியே இருக்கிறது என்று வருகிறவர்களும் உண்டு. அதனால் டாக்டரிடம் ஒன்றை நேரடியாகக் கேளுங்கள்: கதிரைக் கட்டிக்குக் கொடுக்கப் போகிறீர்களா, நரம்புக்கா? கட்டி என்றால் அதன் ஓரத்தில் 12 முதல் 14 கிரே (கதிர் அளவைச் சொல்லும் அலகு) போதும். வலிக்காக நரம்பையே குறிவைத்தால் 70 முதல் 90 கிரே வரை போகும், அதில் கன்னம் மரத்துப்போகிற வாய்ப்பு அதிகம். மரப்பு கண்ணையும் தொட்டால் தூசி விழுந்ததுகூடத் தெரியாது, அப்புறம் கண்ணைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

கட்டி 3 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, மூளைத்தண்டை அழுத்தினாலோ, வலி சாப்பிடவே விடாத அளவுக்குப் போனாலோ, திறந்து செய்யும் அறுவையைப் பற்றியும் பேச வேண்டும். அழுத்தம் விலகினால் வலி சீக்கிரம் அடங்கும். ஆனால் மயக்க மருந்து, ஆஸ்பத்திரி வாசம், பக்கத்து நரம்புகளுக்கு ஆபத்து எல்லாம் கூடவே வரும். கட்டி சரியாக எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் இதில் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது, நானும்தான்.

இந்த நரம்பு வலிக்குக் கொடுக்கும் கார்பமசெபின் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் சிகிச்சை முடிந்த மறுநாளே நிறுத்திவிடாதீர்கள். பலர் செய்கிற தவறு இது. வலி அடங்கிய பிறகு டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். தலைசுற்றல், குழப்பம் இருந்தால் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரை அதைக் குறைக்கும்.

முடியா? இவ்வளவு ஆழத்தில் உள்ள கட்டிக்குப் பொதுவாகக் கொட்டாது, மொட்டை அடிக்கவும் தேவையில்லை. அன்று காலை, மரக்க ஊசி போட்டு, தலையில் நான்கு திருகு வைத்து ஒரு ஃப்ரேம் மாட்டுவார்கள். அம்மா முகம் சுளிக்கப் போவது அந்தச் சில நிமிடங்களுக்குத்தான்.