கியோன் வாயைத் திறந்தானா? ஹாருஹி நாவலும் அனிமேயும்: கேள்வி பதில்

தானிகாவா நாகாரு எழுதிய சுசுமியா ஹாருஹி லைட் நாவல் (இளைஞர்களுக்கான ஜப்பானிய நாவல்) வரிசையையும் கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் அதை அனிமேயாக்கிய விதத்தையும் பற்றி வந்த கேள்விகள் இவை. ஹாருஹி தன்னையறியாமலே உலகை மாற்றும் சக்தி கொண்ட பள்ளி மாணவி; கியோன் அவள் கிளப்பில் மாட்டிக்கொண்ட வகுப்புத்தோழன், கதை சொல்பவனும் அவன்தான். கதை முடிவுகள் பதில்களில் வெளிப்படும்; இன்னும் பார்க்காதவர்கள் கவனம்.

கேள்வி: 2006-இல் வந்த 14 எபிசோடும் காலவரிசை மாறி மாறி இருக்கிறதே. நாவலே அப்படித்தானா?

பதில்: இல்லை. நாவலின் முதல் தொகுதி (மெலன்கலி, 2003) நேர்கோட்டில் போகிற ஒரே கதை. சிக்கலே அங்கேதான் ஆரம்பம். உலகமே அழிந்து மறுபடி உருவாகுமோ என்கிற உச்சக்காட்சி முதல் தொகுதியிலேயே வந்து முடிந்துவிடுகிறது. காலவரிசைப்படி எடுத்தால் அது 6-ஆவது எபிசோடில் முடியும். மீதி 8 எபிசோடுக்கும் பேஸ்பால், தீவுப் பயணம் மாதிரியான சிறுகதைகள்தான். பட்டாசையெல்லாம் காலையிலேயே கொளுத்திவிட்டு ராத்திரிக்கு என்ன செய்வது? அதனால் முதல் தொகுதியின் ஆறு பகுதிகளையும் 2, 3, 5, 10, 13, 14 என்று பிரித்துப்போட்டு, நடுவில் சிறுகதைகளைச் செருகினார்கள்.

இதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. அடுத்த எபிசோட் முன்னோட்டத்தில் ஹாருஹி காலவரிசை எண்ணைச் சொல்வாள், கியோன் குறுக்கிட்டு ஒளிபரப்பு எண்ணைச் சொல்வான். அதை மட்டும் குறித்துக்கொண்டே வந்தால் முழு வரிசையும் கையில் கிடைத்துவிடும்.

கேள்வி: முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன் சகோ. கேமரா ஆடுகிறது, ஃபோகஸ் இல்லை, நடிப்பு படுமோசம். தயாரிப்பே அவ்வளவுதானா?

பதில்: அது வேண்டுமென்றே மோசமாக எடுத்தது. அந்த எபிசோட், கதைக்குள் ஹாருஹி பள்ளி விழாவுக்காக எடுத்த படம். நாவலில் இது 6-ஆவது தொகுதியில் வருகிறது. அங்கே கியோன் படத்தை எழுத்தில் விவரித்துக் கிண்டலடிக்கிறான். அனிமேயில் படத்தையே காட்டி, மேலே அவன் குரலை ஓடவிட்டார்கள். நடுவில் திடீரென்று கடை விளம்பரம் வருகிறதே, அதற்குக் காரணம் 2-ஆவது தொகுதியில் (சை, அதாவது பெருமூச்சு) இருக்கிறது: கடைத்தெருவில் ஓசியில் பொருள் வாங்கியதற்குக் கைமாறு. அந்தத் தொகுதி அனிமேயாக வந்தது 2009-இல். ஆக, 2006-இல் நாவல் படிக்காதவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. துணிச்சல்தான், ஆனால் உங்களை மாதிரி பாதியில் மூடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: இரண்டுக்கும் ஒரே ஒரு முக்கிய வித்தியாசம் சொல்லுங்கள் என்றால்?

பதில்: கியோனின் பேச்சு. நாவல் முழுக்க அவன் தன்மையில் சொல்கிற கதை. மற்றவர்கள் பேசுவதெல்லாம் மேற்கோள் குறிக்குள் இருக்கும். கியோன் பேசுவது பல இடங்களில் குறியே இல்லாமல் விவரிப்போடு கலந்து ஓடும். மனதுக்குள் நினைக்கிறான் என்று நாம் படித்துக்கொண்டே போவோம், அடுத்த வரியில் ஹாருஹி அதற்குப் பதில் சொல்வாள். அட, இவன் வாய்விட்டே சொல்லியிருக்கிறான்! நகைச்சுவையில் பாதி அதில்தான் இருக்கிறது.

அனிமேயில் உதடு அசைந்தால் பேச்சு, அசையாவிட்டால் நினைப்பு. ஏதாவது ஒன்றை முடிவு செய்தே ஆகவேண்டும். கியோனுக்குக் குரல் கொடுத்த சுகிதா தோமோகாசு அலுப்பும் ஏளனமும் கலந்த குரலில் இதைப் பெருமளவு ஈடுகட்டுகிறார். ஆனாலும் அந்த இரட்டைத்தன்மை எழுத்தில்தான் முழுசாக நிற்கும்.

பதிலுக்கு அனிமே கொடுப்பதும் உண்டு. மெலன்கலி முதல் பகுதியில் கியோன் மேடேறிப் பள்ளிக்குப் போகும்போது உலகம் சாம்பல் நிறம். வகுப்பில் பின்னால் இருந்து ஹாருஹி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள, அவன் திரும்பிப் பார்க்கிறான். அங்கே நிறம் வருகிறது. நாவலில் பக்கக்கணக்கில் அலுத்துக்கொள்கிறவனின் மனநிலை ஒரே திரும்பலில் முடிந்தது. அதே மாதிரிதான் அவள் தலைமுடிக் கணக்கும். திங்கள் முடிச்சு இல்லை, செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு என்று நாளுக்கொன்று கூடும். நாவலில் கியோன் இதை விளக்கவேண்டியிருக்கிறது, அனிமேயில் கண்ணால் எண்ணிக்கொள்ளலாம்.

கேள்வி: எண்ட்லெஸ் எய்ட். ஏன்? ஏன்?

பதில்: உங்கள் வலி புரிகிறது. நாவலில் இது 5-ஆவது தொகுதியில் உள்ள ஒரு சிறுகதை. ஆகஸ்ட் 17 முதல் 31 வரையிலான நாட்கள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வாசகர் பார்ப்பது ஒரே ஒரு சுற்றைத்தான், 15,498-ஆவது. சுற்றுக்கு இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 594 வருடம். அந்தச் சுற்றிலேயே முடிச்சும் அவிழ்ந்துவிடும்.

2009 அனிமே இதை 8 எபிசோடாக்கியது. இரண்டாவது எபிசோடில் எண் 15,498. எட்டாவதில்தான் விடுதலை, அங்கே எண் 15,532. ஒரே எபிசோடை எட்டு முறை ஓட்டிவிட்டார்கள் என்று சிலர் சொல்வது தவறு. ஒவ்வொன்றும் புதிதாக வரைந்தது, புதிதாகக் குரல் பதிந்தது. யுகாத்தா (கோடைக்கால கிமோனோ) மாறும், நீச்சலுடை மாறும், கேமரா கோணம் மாறும். நீச்சல்குளம், ஓபோன் விழா நடனம், சில்வண்டு பிடித்தல், தவளை வேடத்தில் வேலை, கடைசியில் காபிக் கடையில் ஹாருஹி எழுந்துபோகும்போது கியோனுக்குச் சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் நின்றுபோவது, எல்லாம் அப்படியே.

நோக்கம் தெளிவு: அத்தனை சுற்றையும் மறக்காமல் சுமந்தவள் அவர்கள் கிளப்பில் இருக்கும், மனிதரல்லாத பெண்ணான நாகாதோ ஒருத்திதான், அந்த அலுப்பை நாமும் அனுபவிக்க வேண்டும். பிறகு திரைப்படமான டிஸப்பியரன்ஸ் (4-ஆவது தொகுதி) கதையில் அவள் ஏன் உலகையே மாற்றிவிட்டாள் என்பதற்கு இது அடித்தளம். என் கணக்கில் மூன்று எபிசோட் போதும். எட்டு வாரம் காத்திருந்தவனிடம் கலைநோக்கம் பேசினால் அடிக்கத்தான் வருவான்.

கேள்வி: அப்போ எந்த வரிசையில் பார்க்கட்டும்?

பதில்: 2009-இன் 28 எபிசோட் காலவரிசை. 12 முதல் 19 வரை எண்ட்லெஸ் எய்ட். அவசரம் என்றால் 12, 13, 19 மட்டும். 20 முதல் 24 வரை சை. 25-இல் அந்த மட்டமான படம், இப்போது சிரிப்பு வரும். 28 முடிந்ததும் டிஸப்பியரன்ஸ் திரைப்படம். படத்தை முதலில் பார்க்காதீர்கள். 8-ஆவது எபிசோட் (பாம்பூ லீஃப் ராப்சடி) பார்க்காமல் போனால் படத்தின் பாதி முடிச்சு பிடிபடாது.

கேள்வி: லைவ் அலைவ் எபிசோடில் வரும் பாட்டு நாவலில் இருக்கிறதா?

பதில்: பாடல் வரிகள் இல்லை. 6-ஆவது தொகுதியில் ஹாருஹி மேடையேறிப் பாடியதைக் கியோன் சில பத்திகளில் சொல்லிவிட்டுப் போகிறான். காட் நோஸ் பாட்டு அனிமேக்காக எழுதியது. எழுத்தால் முடியாததை அனிமே செய்த இடம் இது.

கேள்வி: திரைப்படத்தில் எதை மாற்றினார்கள்?

பதில்: மிகக் குறைவு. ஒரு தொகுதிக்கு 3, 4 எபிசோட் ஒதுக்குவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். 4-ஆவது தொகுதி ஒன்றுக்கே இங்கே 160 நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. மாற்றங்களில் இரண்டு முக்கியம். கியோன் தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்ளும் நீண்ட மனப்பேச்சைப் படம் இரண்டு கியோன்களாகவும் ஒரு டிக்கெட் வாயிலாகவும் மாற்றிக் காட்டுகிறது. இன்னொன்று, நாகாதோவிடம் அவன் கடைசியில் பேசுவது நாவலில் மருத்துவமனை அறைக்குள். படத்தில் மொட்டை மாடி, பனி விழுகிறது. நாகாதோவின் பெயர் யூகி; யூகி என்றால் ஜப்பானிய மொழியில் பனி. அந்த ஒரு இடமாற்றத்துக்காகவே படத்தை நாவலுக்கு ஒரு படி மேலே வைப்பேன்.

கேள்வி: தீவுக் கதையில் கியோனின் தங்கை வருகிறாளே, நாவலில் அவளைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன்.

பதில்: தேடாதீர்கள். நாவலில் பைக்குள் ஒளிந்தவளைக் கண்டுபிடித்து வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறான். அனிமேயில் கூட்டிப்போனார்கள்.

கேள்வி: கடைசியாக வரும் சம்டே இன் த ரெயின் எந்தத் தொகுதி?

பதில்: எந்தச் சிறுகதையையும் தழுவியதல்ல. அனிமேக்கென்றே தானிகாவா எழுதிய திரைக்கதை. கியோன் ஹீட்டர் வாங்கப் போய்விடுகிறான்; கேமரா கிளப் அறையிலேயே நிற்கிறது. நாகாதோ புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள், வெளியே மற்ற மாணவர்களின் சத்தம், வேறொன்றும் நடக்கவில்லை. கியோன் இல்லாத அறை எப்படி இருக்கும் என்று நாவல் வரிசையின் வழக்கமான நடையில் காட்டவே வழியில்லை, ஏனென்றால் அங்கே கண்ணே அவன்தான்.

கேள்வி: படம் வரை முடித்துவிட்டேன் அண்ணா. நாவலை எங்கிருந்து எடுக்கலாம்?

பதில்: நேரே 7-க்குப் போய்விடாதீர்கள். 5-ஆவது தொகுதியில் ஸ்னோயி மவுண்டன் சிண்ட்ரோம் அனிமேயில் இல்லை. 6-இல் மூன்று கதைகள் பாக்கி: நாகாதோமேல் காதல்கொண்ட, கியோனின் பழைய நண்பன் கதை, பூனை காணாமல்போகும் கதை, கிளப்பின் இன்னொரு உறுப்பினரான மிகுருவுடைய கதை. இவற்றை முடித்துவிட்டு 7 (இன்ட்ரீக்ஸ்) எடுங்கள். டிஸப்பியரன்ஸில் தொங்கவிட்ட காலப்பயணக் கடன் அங்கேதான் அடைகிறது. ஆங்கிலத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஜப்பானில் இரண்டு புத்தகமாக வந்த 10, 11 (அஸ்டானிஷ்மென்ட், 2011) யென் பிரஸ் பதிப்பில் ஒரே புத்தகம். 11 தனியாகக் கிடைக்கவில்லையே என்று கடை கடையாக அலைய வேண்டாம். அதற்குப் பிறகு ஜப்பானில் அடுத்த தொகுதி வர 2020 நவம்பர் ஆனது.