அப்பாவின் பால் கணக்கை அவரிடமே கொடுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 72. நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பதால், இனி நோயைக் குணப்படுத்த அல்ல, வேதனையைத் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சைதான் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. குளிப்பாட்டுவது, முகம் மழிப்பது, சோறு ஊட்டுவது எல்லாவற்றையும் நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். பல வருடங்களாக அவர் காலண்டரில் எழுதிவந்த பால் கணக்கைக்கூட இப்போது நான்தான் எழுதுகிறேன். அப்படியிருந்தும் எங்கள் மேல் எரிந்து விழுகிறார். இந்த நேரத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பார்க்கும்படி மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் அவருக்குப் பயிற்சி எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது பால் கணக்கைப் பற்றிய வரியைத்தான். அவர் சிரமப்படக் கூடாது என்ற அன்பினால்தான் அதை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நடையையும் மூச்சையும் நோய் பறித்துக்கொண்டிருக்கும்போது, தம்மால் இன்னும் செய்ய முடிகிற ஒரு வேலையும் கைமாறிப் போனதை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய கோபத்துக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. வலி, தூக்கமின்மை, மலச்சிக்கல் போன்றவையும் மனிதரை எரிச்சல்படுத்தும் என்பதால் அவற்றை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் கை கால்களுக்கான உடற்பயிற்சி என்று பலரும் நினைக்கிறார்கள். பல் துலக்குவது, காபி குடிப்பது, பூஜைக்கு விளக்கேற்றுவது, பேரனுக்குக் கணக்குச் சொல்லித்தருவது என ஒருவருடைய நாளை நிரப்பும் செயல்கள் எல்லாமே இந்தத் துறையின் அக்கறைக்கு உட்பட்டவை. அவற்றில் எவற்றை அந்த நோயாளி தாமே செய்ய விரும்புகிறார் என்று கேட்டறிந்து, இருக்கும் சிறிதளவு தெம்பிலேயே அவற்றைச் செய்வதற்கு வழி தேடித் தருவதுதான் தெரபிஸ்ட்டின் வேலை. செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில், குணப்படுத்த முடியாத நோயாளிகளுக்கான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கியவர். உடல், மனம், உறவுகள், வாழ்வின் பொருள் ஆகிய எல்லாவற்றிலும் பரவி நிற்கும் வேதனையை அவர் 'முழு வலி' என்றார். அந்த வலியில் ஒரு பகுதி மாத்திரைக்குக் கட்டுப்படும். மற்றொரு பகுதிக்கு, நான் இன்னும் இந்த வீட்டில் ஒரு ஆள் என்ற உணர்வு தேவைப்படுகிறது.

மூச்சுத்திணறல் உள்ளவர் தம் வேலைகளைத் தாமே செய்வது எப்படி என்று கேட்பீர்கள். முகம் மழிப்பதையே எடுத்துக்கொள்வோம். நின்றபடி கையைத் தூக்கி மழித்தால் அவருக்கு மூச்சு போய்விடும். மேசை முன்னால் உட்காரவைத்து, இரண்டு முழங்கைகளையும் மேசைமேல் ஊன்றச் செய்து, கண்ணாடியை முகத்தின் உயரத்துக்கு நிறுத்துங்கள். ஒரு கன்னம் முடிந்ததும் இளைப்பாறட்டும். மறு கன்னத்தைப் பத்து நிமிடம் கழித்து மழித்தாலும் குற்றமில்லை. சிறிய மின்விசிறியின் காற்று மூக்கு, கன்னங்களின் மேல் படும்படி வைத்தால் திணறும் உணர்வு பலருக்குத் தணிகிறது. குளியலறையில் கைப்பிடியுள்ள, வழுக்காத பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெந்நீரையும் சொம்பையும் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு முக்காலியில் வையுங்கள். முதுகை மட்டும் நீங்கள் தேய்த்துவிடலாம். எழும்போதோ கையை உயர்த்தும்போதோ மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். நம் பழக்கப்படி மூச்சை அடக்கிக்கொண்டு முயல்வதுதான் களைப்பைக் கூட்டுகிறது. குளியல், மழிப்பு, சாப்பாடு மூன்றையும் காலையிலேயே அடுக்காமல் நாள் முழுவதும் பிரித்து வையுங்கள். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால், எந்த அசைவு பாதுகாப்பானது என்று மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த ஒரு அம்மா, படுக்கையை விட்டு இறங்க முடியாத நிலையில் இருந்தார். என்ன செய்ய ஆசை என்று கேட்டதற்கு, "வெங்காயம் உரிக்கணும்" என்றார். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்து, மடியில் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயத்தைப் பரப்பிக் கொடுத்தோம். உரிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று மருமகள் முன்கூட்டியே அதைத் தண்ணீரில் ஊறவைத்திருந்தார். பதினோரு வெங்காயம் உரித்ததும் கை ஓய்ந்தது. அன்றிரவு சாம்பாரில் உப்புக் குறைவு என்று அவர் மருமகளைக் கடிந்துகொண்டாராம். மருமகள் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு அழுதார்.

உங்கள் அப்பாவிடம் நேரடியாகவே கேளுங்கள். பேனா பிடிக்கக் கை நடுங்கினால் அதன்மேல் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். அதுவும் முடியாத நாளில் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அப்போதும் கணக்கு அவருடையதுதான்.

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. டயாலிசிஸ் வேண்டாம் என்று அவரே முடிவெடுத்துவிட்டார். அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போதெல்லாம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, கரூர்

பதில்: கூச்சப்படாமல் சொல்லுங்கள், அம்மா. நோயாளியோடு அவருடைய குடும்பத்தையும் சேர்த்தே உலக சுகாதார நிறுவனம் நோய் ஆதரவு சிகிச்சையை வரையறுத்திருக்கிறது. உங்கள் இடுப்பு வலியும் அதற்குள் அடங்கும். உட்காரும்போது அவர் பாதங்கள் தரையில் முழுமையாகப் பதியும் உயரத்தில் கட்டில் இருக்க வேண்டும். மிகத் தாழ்வாக இருந்தால் கட்டில் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள். நாற்காலியை அவருக்கு வலுவுள்ள பக்கத்தில், கட்டிலை ஒட்டிப் போடுங்கள். கையையோ அக்குளையோ பிடித்து இழுக்காதீர்கள். அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து முன்னால் குனியச் சொல்லி, நெருங்கி நின்று, உங்கள் முழங்காலை மடக்கி, மூன்று எண்ணி, இருவரும் ஒரே நேரத்தில் எழுங்கள். கால் ஊன்றவே முடியவில்லை என்றால் இரண்டாவது ஆள் இல்லாமல் மாற்றக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சேவையும் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருடைய பெயரைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் வரும் நாளில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நீங்கள் தூக்கும் முறையை அவர்களிடமே ஒருமுறை செய்து காட்டுங்கள்.