யூவி (புற ஊதா) விளக்கில் ஒளிரும் கற்கள்: கேள்வி பதில்

கே: அண்ணா, ஆன்லைனில் 395 நானோமீட்டர் டார்ச் வாங்கினேன். எந்தக் கல்லில் அடித்தாலும் ஊதாவாகத்தான் தெரிகிறது. டார்ச் டூப்ளிகேட்டா?

ப: டார்ச் நல்லதுதான் தம்பி. நானோமீட்டர் எண் ஒளியின் அலைநீளம்; 395-ல் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமும் நிறைய வரும், அது கல்லில் பட்டுத் திரும்புவதைத்தான் பார்க்கிறாய். 365 வாங்கு, முகப்பில் கருப்பு ஃபில்டர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ஆனால் உண்மையான வேடிக்கை 254-ல்தான், அதற்குத் தனி விளக்கு, விலையும் கூடுதல்.

கே: சார், கல் ஏன் ஒளிர்கிறது?

ப: புற ஊதாவை வாங்கிய எலெக்ட்ரான் மேல்மட்டத்துக்கு ஏறி, இறங்கும்போது கொஞ்சத்தை வெப்பமாக விட்டு மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் தருகிறது. பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது கனிமம் இல்லை, அதில் துளியாகக் கலந்திருக்கும் வேறொரு தனிமம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிராங்க்ளின் என்ற ஊர்ச் சுரங்கத்துக் கல்லைப் பகலில் பார்த்தால் ரோட்டோர ஜல்லி மாதிரி அழுக்கு வெள்ளையும் பழுப்புமாகக் கிடக்கும்; இருட்டில் 254 விளக்கைப் போட்டதும் அதிலுள்ள கனிமங்களில் வில்லமைட் பளீர் பச்சை, கால்சைட் ஆரஞ்சு கலந்த சிவப்பு, இடையில் பிராங்க்ளினைட் மணிகள் மட்டும் அசையாமல் கருப்பாகவே இருக்கும். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் பச்சைக்கும் சிவப்புக்கும் காரணம் ஒரே மாங்கனீசு. வில்லமைட்டில் அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், கால்சைட்டில் ஆறு. அவ்வளவுதான், நிறமே மாறிவிடுகிறது!

கே: பாட்டி மோதிரத்து மாணிக்கம் 365-ல் சிவப்பாக எரிகிறது. அசல்தானே?

ப: அதை வைத்துச் சொல்லவே முடியாதும்மா. ஒளிர்வது குரோமியம், அதை அமுக்குவது இரும்பு. ஆலையில் செய்த மாணிக்கத்தில் பொதுவாக இரும்பே இருக்காது, அதனால் அது அசலைவிடப் பிரமாதமாக எரியும். பர்மாவின் மொகோக் கல்லில் இரும்பு குறைவு, அதுவும் எரியும். தாய்லாந்துக் கல்லில் இரும்பு அதிகம், மங்கலாகத்தான் தெரியும், ஆனால் அதுவும் பூமியில் விளைந்ததுதான். போதாததற்குச் சிவப்பு ஸ்பினல் என்ற வேறொரு ரத்தினமும் இதே குரோமியத்தால் எரியும். யூவி காட்டி "பாருங்க, அசல்" என்று விற்பவரிடம் வாங்காதீர்கள், ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள்.

கே: விளக்கை அணைத்த பிறகும் ஒளிரும் கல் உண்டா?

ப: உண்டு. டெக்சாஸ் மாநிலத்து டெர்லிங்குவா கால்சைட் 365-ல் இளஞ்சிவப்பு, 254-ல் நீலம், அணைத்தாலும் நீலம் சில நொடி தங்கும்.

கே: இதனால் காசு பார்க்க முடியுமா?

ப: டங்ஸ்டன் தேடுகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதன் தாதுவான ஷீலைட் 254-ல் வெளிர்நீலமாக ஒளிரும், மாலிப்டினம் கூடக் கூட மஞ்சள் பக்கம் போகும். ராத்திரியில் விளக்கோடு பாறை பாறையாகத் தேடுவார்கள்.

கே: குழந்தைகளுக்குக் காட்டலாமா?

ப: காட்டலாம், ஆனால் 254 விளக்கை நேராகப் பார்த்தால் கண் வெந்துவிடும், தோலையும் சுடும். பாலிகார்பனேட் கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம். அப்புறம், பளீரென்ற மஞ்சள் பச்சையில் ஒளிரும் ஆட்டுனைட் யுரேனியக் கனிமம், அதைச் சின்னவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம்.