தனித்து நின்று கேட்பவர்கள்: பிரிட்டன் வேலைநிறுத்தச் சட்டம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பிரிட்டனில் வேலைநிறுத்தம் செய்வது உரிமைதானே, ஐயா?

பதில்: அங்குள்ள சட்டம் உரிமை என்று சொல்வதில்லை, விலக்குதான் தருகிறது. 1901-இல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் வேலைநிறுத்தத்துக்காகத் தொழிற்சங்கம் நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 1906-இல் நாடாளுமன்றம் அதிலிருந்து விலக்களித்தது. கொடுத்த கையே பின்னாளில் அதைச் சுருக்கவும் செய்தது.

கேள்வி: கிரன்விக் பெண்கள் ஏன் தோற்றார்கள்? நாடே அவர்கள் பக்கம் நின்றதாகச் சொல்கிறார்களே?

பதில்: அந்த வேலைநிறுத்தம் 1976 ஆகஸ்டில் வடமேற்கு லண்டனில், கிரன்விக் நிறுவனத்தில் தொடங்கியது. தபாலில் வரும் படச்சுருளைக் கழுவிப் படமாக்கி அனுப்பும் நிறுவனம் அது. ஜெயாபென் தேசாயுடன் வெளியேறியவர்களில் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள். சங்கத்தில் சேர்ந்ததே வெளியே வந்த பிறகுதான். 137 பேரும் நீக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களில் சிலரை மட்டும் நீக்கியிருந்தால் தொழில் தீர்ப்பாயம் விசாரித்திருக்கும். எல்லோரையும் நீக்கியதால் அதற்கு அதிகாரமே இல்லாமல் போயிற்று!

சங்கத்தை அங்கீகரிக்கும்படி ஏகாஸ் என்ற சமரச அமைப்பு பரிந்துரைத்தது. ஆனால் உள்ளே வேலை செய்தவர்களின் பெயர், முகவரியை முதலாளி தர மறுத்திருந்தார். அவர்களைக் கேட்காமல் செய்த பரிந்துரை செல்லாது என்று 1977 டிசம்பரில், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கதவைச் சாத்தியவரே ‘ஏன் உள்ளே வரவில்லை’ என்று கேட்டு வழக்கில் வென்ற கதை இது.

தபாலை நம்பிய நிறுவனத்தின் கழுத்துப் பிடி தபால் ஊழியர்கள் கையில் இருந்தது. அருகிலிருந்த கிரிக்கிள்வுட் தபால் நிலையத்தில் அவர்கள் அதன் கடிதங்களைத் தொட மறுத்தார்கள். அது தபால் சட்டப்படி குற்றம் என்று வழக்கு வந்ததும் தபால் ஊழியர் சங்கத் தலைமை பின்வாங்கியது. 1978 ஜூலையில் போராட்டம் முடிந்தது.

கேள்வி: இன்று அதேபோல் பிறர் ஆதரவாக இறங்க முடியுமா?

பதில்: முடியாது. ஆதரவு வேலைநிறுத்தத்துக்கான விலக்கை 1980-இல் குறுக்கி, 1990-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். 2005 ஆகஸ்டில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் விமான உணவு தயாரிக்கும் கேட் கூர்மே நிறுவனம் அறுநூறுக்கும் மேற்பட்டோரை நீக்கியது. அவர்களுக்காக பிரிட்டிஷ் ஏர்வேஸ் தரைப் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். விமானங்கள் நின்றன. சட்டவிரோதம் என்பதால் சங்கமே அவர்களைத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், நலிந்தவர்களிடம் இருந்த ஒரே ஆயுதத்தைத்தான் பறித்தார்கள். எளிதில் வேறு ஆள் போடக்கூடிய வேலையில் இருப்பவருக்குத் தனியாக என்ன பலம்?

கேள்வி: வேலைநிறுத்தத்துக்கு முன் வாக்கெடுப்பு வைப்பது ஜனநாயகம்தானே? அதிலென்ன குறை?

பதில்: வாக்கெடுப்பில் குறையில்லை. 1993 முதல் அஞ்சல் வழியேதான் என்றார்கள், 2016-இல் பாதிப்பேராவது வாக்களிக்க வேண்டும் என்றார்கள். அறையைப் பகிர்ந்து, அடிக்கடி வீடு மாறும் இரவுப் பணியாளருக்கு அந்த வாக்குச்சீட்டு உறை போய்ச் சேர்வதே பெரும்பாடு.

கேள்வி: வீடுகளுக்கு உணவு கொண்டுசேர்க்கும் டெலிவரூ நிறுவன ஓட்டுநர்களின் நிலை என்ன?

பதில்: தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம் என்பதால் வேலை உறவே இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் நான். பணத்தை முடிவு செய்வது மருத்துவமனை, சம்பளம் தருவது ஒப்பந்தக்காரர். யாரை எதிர்த்து நிற்பது?

பதில்: ஒப்பந்தக்காரரை. 1982 முதல் தகராறு சொந்த முதலாளியோடுதான் இருக்க வேண்டும். கோரிக்கையில் ஊதியம், வேலை நேரம் என்று எழுதுங்கள். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் மருத்துவமனையின் பெயர் வந்துவிடக்கூடாது.